நூற்றைம்பது ரூபாய்க் காகிதப்பூவைப் போன்சாய் ஆக்குவது எப்படி?

போன்சாய் (தொட்டியில் குறுக்கி வளர்க்கும் மரம்) என்று பலகை வைத்த கடையில் ஒரு தொட்டிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் என்கிறார்கள். அதே கடையின் வெளிவாசலில், கவர் செடிகளுக்கு நடுவே, அதைவிட நல்ல அடிமரத்தோடு ஒரு காகிதப்பூ (போகன்வில்லா) கேட்பாரற்று நிற்கும். இந்தக் கட்டுரை அந்தச் செடிக்காக. அதை எப்படித் தேடி எடுப்பது, எந்த மாதத்தில் எதை வெட்டுவது, எதற்குப் பணம் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் எழுதியவை. உறைபனி, வசந்தம் என்று அவர்கள் போடும் கணக்கு நம் ஊரில் செல்லாது. அவற்றை நம்பி, குளிர் கேட்கும் ஊசியிலை மரமான ஜூனிப்பரைச் சென்னை மொட்டை மாடியில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். நான் சொல்லும் மாதக் கணக்கு சென்னை, கடலூர், புதுச்சேரி, தஞ்சை போன்று வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர்களுக்கானது. மதுரை, திருச்சி, கோவைக்கும் பெரிய மாற்றம் தேவையில்லை. ஊட்டி, கொடைக்கானலுக்குப் பொருந்தாது. கன்னியாகுமரிக்காரர்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை ஓயும் இடைவெளி பார்த்துச் செய்யுங்கள்.

ஏன் காகிதப்பூ? வெயிலைத் தாங்கும். மொட்டையாக வெட்டினாலும் பழைய மரத்திலிருந்தே துளிர்க்கும். ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்) இன்னும் சுலபம் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் நூற்றைம்பது ரூபாய் ஃபைகஸில் அடிமரம் விரல் பருமன்கூடத் தேறாது. காகிதப்பூவில் அதே காசுக்குக் கட்டைவிரலைத் தாண்டிய பருமன் கிடைக்கும். போன்சாயில் நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தப் பருமனைத்தான். மற்றதெல்லாம் பிறகு நாமே வளர்த்துக்கொள்வது.

1. கிளம்பும் முன்: செலவும் காலமும்

விலை கடைக்குக் கடை மாறும். உத்தேசமாக இவ்வளவு வைத்துக்கொள்ளுங்கள். செடி 100 முதல் 250 ரூபாய். அகலமான பிளாஸ்டிக் பேசன் 80 முதல் 120. மண் கலவைக்கு 150. அலுமினியக் கம்பி இரண்டு பருமனில் சிறு சுருள்களாக 250 முதல் 400. பூஞ்சைக் கொல்லித் தூள் சிறு பாக்கெட் 100-க்குள். நல்ல செடி வெட்டும் கத்தரி 300 முதல் 500; வீட்டில் இருந்தால் இந்தச் செலவும் மிச்சம். எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் நடுவே முடியும்.

போன்சாய்த் தொட்டி இந்தப் பட்டியலில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அது இரண்டு வருடம் கழித்து வாங்க வேண்டிய பொருள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் தொட்டியை வாங்கிவிட்டு அதற்கேற்ற செடியைத் தேடுகிறார்கள். பணமும் போகும், செடியும் போகும். அழகான ஆழமில்லாத தொட்டியில் போட்ட அன்றே செடியின் வளர்ச்சி மட்டுப்பட்டுவிடும். வளர வேண்டிய வயதில் அதை அங்கே அடைக்கக் கூடாது.

"ஜப்பானியப் போன்சாய்க் கருவிப்பெட்டி" என்று விற்கும் பன்னிரண்டு உருப்படிகளும் வேண்டாம். கத்தரி, சிறிய மடக்கு ரம்பம், கம்பி வெட்டும் கட்டர், மூங்கில் குச்சி, தோட்டக் கையுறை, நகவெட்டி போதும். நகவெட்டி எதற்கு என்று பிறகு சொல்கிறேன். "போன்சாய் விதை" என்று விற்பதையும் வாங்காதீர்கள். அப்படி ஒரு விதை உலகத்தில் கிடையாது. எந்த மரத்தின் விதையும் சாதாரண மரமாகத்தான் முளைக்கும். அதைக் குறுக்குவது நம் கைவேலை.

காலத்தைப் பொறுத்தவரை, பார்க்கிறவர் "அட, மரம்" என்று சொல்லும் நிலைக்கு வர மூன்று வருடம் ஆகும். முதல் வருடம் பெரும்பாலும் காத்திருப்பதிலேயே போகும்.

மாத வரிசை இப்படி: தை மாதத்தில் செடி வாங்குதல், மாசியில் தலைவெட்டு (அடிமரத்தைக் குட்டையாக வெட்டுவது), பங்குனியில் வேர் வேலை, ஆனியிலிருந்து கம்பி கட்டுதல். இதைத் தவறவிட்டால் ஆனியில் தலைவெட்டு, ஆவணித் தொடக்கத்தில் வேர் வேலை என்று இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வேரைத் தொடவே தொடாதீர்கள். வெட்டுப்பட்ட வேர் நாள்கணக்கில் ஈரத்தில் ஊறினால் அழுகும்.

2. செடியைத் தேர்ந்தெடுத்தல்

இந்த ஒரு கட்டத்தில் அரை நாள் செலவழிக்கலாம், தப்பில்லை. மற்றக் கட்டங்களில் வரும் பாதித் தொல்லை இங்கேயே தீர்ந்துவிடும்.

நர்சரியில் பூவைப் பார்க்காதீர்கள். கிளைகளின் அழகையும் பார்க்காதீர்கள், அவற்றை எப்படியும் வெட்டப்போகிறோம். நேராகக் குனிந்து, கவரின் மண்மட்டத்தில் இரண்டு விரலை விட்டு மேல்மண்ணைத் தள்ளிப் பாருங்கள். அடிமரம் மண்ணுக்குள் போகப்போக அகலமாக வேண்டும். அங்கிருந்து வேர்கள் நாலாபக்கமும் பிரிந்து போனால் அருமை. போன்சாய்க்காரர்கள் நெபாரி என்று சொல்வது இந்த வேர்ப்பரப்பைத்தான். மூன்று பக்கம் இருந்தாலே எடுத்துக்கொள்ளலாம். ஒரே பக்கம் தடித்த ஒற்றை வேர் மட்டும் இருந்தாலோ, வேர் அடிமரத்தையே சுற்றி இறுக்கியிருந்தாலோ அடுத்த செடிக்குப் போங்கள்.

அடுத்து, மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ஏதாவது வளைவோ கிளைப் பிரிவோ இருக்கிறதா என்று பாருங்கள். கம்பம்போல நேராகப் போவதைவிட, பாதியில் உடைந்து பக்கவாட்டில் துளிர்த்த செடி நமக்கு லாபம். கடைக்காரர் கண்ணில் அது குறைப்பட்ட செடி, விலையும் குறையும்.

இதற்காகவே கடையின் பின்பக்கத்தைக் கேளுங்கள். "அண்ணே, கவர் கிழிஞ்சு தரையில வேர் விட்ட பழைய போகன்வில்லா ஏதாவது பின்னாடி கெடக்கா?" என்றால் பெரும்பாலும் கை காட்டுவார்கள். விற்காமல் இரண்டு மூன்று வருடம் தங்கிய செடிகள் அவை. வேர் தரைக்குள் இறங்கியதால் அடிமரம் பருத்திருக்கும். "அதெல்லாம் காஞ்சு போச்சு சார், முன்னாடி இருக்குறத எடுங்க" என்று சொன்னாலும் போய்ப் பாருங்கள். பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டினால் அடியில் பச்சை தெரிய வேண்டும். தெரிந்தால் உயிர் இருக்கிறது. தரைக்குள் போன வேரைப் பிடுங்கி எடுக்க விடாதீர்கள், கவரை ஒட்டிக் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். அப்படி வெட்டிய செடி வீட்டுக்கு வந்ததும் இலை உதிர்க்கும். பயப்பட வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒரே செடியில் மூன்று நான்கு நிறம் பூக்கும் ஒட்டுச்செடி. ஒட்டுப் போட்ட இடத்தில் வீக்கம் இருக்கும், அதற்குக் கீழே வெட்டினால் நீங்கள் ஆசைப்பட்ட நிறம் போய்விடும். போத்து (வெட்டிய தண்டு) வைத்து வந்த செடியா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, வெள்ளையும் பச்சையும் கலந்த இலை உள்ள வகை. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வளர்ச்சி மெதுவு; முதல் செடிக்கு வேண்டாம். பழைய ஊதா நிறக் காகிதப்பூதான் இருப்பதிலேயே முரடு. வேலியில் எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை.

வாங்கும்போதே நிறத்தையும் தேதியையும் கைப்பேசியில் குறித்து, நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். நர்சரியில் ரசீது எதிர்பார்க்க முடியாது, நமக்கு ஆவணம் அந்தப் படங்கள்தான். எப்போது வெட்டினோம், எப்போது கம்பி கட்டினோம் என்பது ஆறு மாதத்தில் மறந்துபோகும். கம்பி விஷயத்தில் அந்த மறதி செடியின் பட்டையில் தழும்பாக விழும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பொது மொட்டை மாடியில் வைப்பதாக இருந்தால், சங்கத்திடம் இப்போதே அனுமதி கேட்டு அதை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்ஆப் செய்தியாக இருந்தாலும் சரி. வேர் வெட்டிய வாரத்தில் "மாடியைக் காலி பண்ணுங்க, வாட்டர் புரூஃபிங் வேலை" என்று வந்தால் செடியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

3. இரண்டு மூன்று வாரம் சும்மா இருத்தல்

செடி வந்தவுடன் கத்தரியை எடுக்கக் கூடாது. முழு வெயில் படும் இடத்தில் கவரோடு வையுங்கள், மேல்மண் காய்ந்ததும் நீர் ஊற்றுங்கள். நர்சரியின் நிழல்வலைக்குள் வளர்ந்த செடி உங்கள் மாடி வெயிலுக்குப் பழக வேண்டும்.

இந்த நாள்களில் இலையடியிலும் கணுக்களிலும் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும்.

4. முன்பக்கம் எது என்று முடிவு செய்தல்

செடியைக் கண்மட்ட உயரத்தில் ஒரு ஸ்டூலில் வையுங்கள். தரையில் வைத்து மேலிருந்து பார்த்தால் இலைக்கூட்டம்தான் தெரியும். மேல்மண்ணை ஒரு இன்ச் அளவுக்கு மெதுவாக நீக்கி வேர்ப்பரப்பு தெரியும்படி செய்யுங்கள். பிறகு மெல்லத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வேர்ப்பரப்பு எந்தப் பக்கத்திலிருந்து அகலமாகத் தெரிகிறதோ, அடிமரத்தின் வளைவு எங்கிருந்து தெளிவாகத் தெரிகிறதோ, அதுதான் முன்பக்கம். பெரிய வெட்டுக்காயம் பின்பக்கம் போகட்டும். முடிச்சு முன்பக்கம் வரும்படி அடிமரத்தின் அடியில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள்.

உயரத்துக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: அடிமரத்தின் குறுக்களவைப் போல ஆறு மடங்கு. அடி 3 செ.மீ. இருந்தால் மரம் முடிவில் 18 செ.மீ. உயரம். இதைக் கேட்டதும் "இவ்வளவு குள்ளமாகவா?" என்று எல்லோருக்கும் தோன்றும். இரண்டடிச் செடியைச் சாண் உயரத்துக்கு வெட்ட மனசு வராது. ஆனால் மெல்லிய தண்டில் இரண்டடி உயரம் விட்டால் அது என்றைக்கும் தொட்டியில் வைத்த செடிதான். பருமனுக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்தான் கண்ணை ஏமாற்றி அதைப் பெரிய மரமாகக் காட்டுகிறது.

முடிவு எடுக்க முடியவில்லையா? எடுத்த படத்தின் மேல்பகுதியைக் கைப்பேசியில் விரலால் மறைத்து மறைத்துப் பாருங்கள், அல்லது செடியின் பின்னால் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, வெட்டப்போகும் கிளைகளைச் செய்தித்தாளால் மூடிப் பாருங்கள். நாளைக்கும் வெட்டலாம், ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது.

5. தலைவெட்டு

நாள் தேர்வு: மாசி வெயில் ஏறத் தொடங்கிய பிறகு, காலையில். கையுறை போடுங்கள், காகிதப்பூ முள் கீறினால் சிலருக்கு அரிப்பும் வீக்கமும் வரும்.

இறுதி உயரத்தில் வெட்டக் கூடாது. 18 செ.மீ. மரம் வேண்டுமானால் அடிமரத்தை 8, 10 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். மீதி உயரம் புதிதாக வரும் கிளையிலிருந்து வர வேண்டும். அப்போதுதான் மரம் அடியில் பருத்து, மேலே போகப்போக ஒடுங்கும். இதைச் செய்யாமல் 18-இலேயே வெட்டினால் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனில் உலக்கை நிற்கும்.

வெட்டும் இடத்துக்குக் கீழே ஒரு கணுவோ சிறு கிளையோ இருக்கட்டும். அதற்கு மேலே இரண்டு செ.மீ. கட்டை விட்டு, ரம்பத்தால் சற்றுச் சாய்வாக அறுங்கள். காகிதப்பூவின் மரம் மென்மையானது, வெட்டுவாயிலிருந்து கொஞ்சம் கீழே வரை காய்ந்து பின்வாங்கும். ஒட்ட வெட்டினால் நீங்கள் நம்பியிருந்த கணுவும் சேர்ந்து காயும். சாய்வு எதற்கு என்றால் மழைநீர் தேங்காமல் இருக்க. தேங்கினால் உள்மரம் மக்கி, இரண்டு வருடத்தில் அடிமரம் பொந்தாகும்.

வெட்டுவாயின் விளிம்பைக் கூரான கத்தியால் மழித்து, சாஃப் போன்ற பூஞ்சைக் கொல்லித் தூளைச் சில சொட்டு நீரில் குழைத்துப் பூசுங்கள். கையுறையோடு செய்யுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். மஞ்சள்தூள் பசை பூசுகிறவர்களும் உண்டு. சின்ன வெட்டுக்கு அது போதும். பெரிய வெட்டுக்கு நான் நம்ப மாட்டேன்.

பக்கக் கிளைகளில் கீழே உள்ள இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு, அவற்றையும் இரண்டு கணு விட்டுக் குறையுங்கள். இலையே இல்லாமல் மொட்டையாக நின்றாலும் கவலை இல்லை.

இப்போது முக்கியமான விஷயம்: அன்றைக்கு வேரைத் தொடாதீர்கள். அனுபவசாலிகள் இரண்டையும் ஒரே நாளில் செய்வார்கள், காகிதப்பூ அதைத் தாங்கவும் தாங்கும். ஆனால் அவர்களுக்கு எந்த வேரை விட வேண்டும் என்று தெரியும். முதல் செடியில் வேரை அப்படியே விட்டால், அதில் சேர்த்து வைத்த வலு முழுக்கத் துளிர்களுக்குப் போகும். பின்னால் ஏதாவது தவறினாலும் எதனால் தவறியது என்று தெரியும்.

வெட்டிய பிறகு நீரைக் குறையுங்கள். இலை இல்லாத செடி அதிகம் குடிக்காது. தினமும் பாசத்தோடு ஊற்றி வேரை அழுகவைப்பதுதான் இந்தக் கட்டத்தில் செடி சாகும் முதல் காரணம். மண்ணில் ஒரு இன்ச் ஆழம் விரல்விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். வெயில் தொடரட்டும். இரண்டு மூன்று வாரத்தில் பட்டையில் புள்ளிபுள்ளியாகத் துளிர் எட்டிப் பார்க்கும்.

துளிர்கள் வந்ததும் உடனே கழிக்க வேண்டாம். ஒரு சாண் நீளம் வரும்வரை விட்டு, தேவையில்லாத இடத்தில் வந்தவற்றை மட்டும் எடுங்கள். உச்சிக்கு ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று இருந்தால் போதும். முன்பக்கத்தின் கீழ்ப்பாதியில் கிளை வேண்டாம், அது அடிமரத்தை மறைக்கும்.

6. வேர் வேலை

தலைவெட்டுக்கு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, புதுத் தண்டுகளின் அடிப்பகுதி பச்சை மாறி முற்றத் தொடங்கியதும் இதைச் செய்யலாம். பங்குனிக் கடைசிக்குள் முடித்துவிடுங்கள். மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திரத்துக்கு முன் செடி நிலைகொள்ள வேண்டும்.

முதலில் மண் கலவை. செம்மண், தோட்டத்து மண் எதுவும் வேண்டாம். ஆழமில்லாத பாத்திரத்தில் அவை இறுகி வேரை மூச்சடைக்கும். செங்கல் சில்லு இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலையுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. செங்கல்லை எங்கும் வாங்க வேண்டாம். வீடு கட்டும் இடத்தில் உடைந்தது கிடைக்கும், கேட்டால் கொடுப்பார்கள். சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடையுங்கள். சில்லின் அளவு கடுகுக்கு மேல், மிளகை ஒட்டி இருக்கட்டும். மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளைக் கொட்டிவிடுங்கள். இந்தச் சலிப்பு சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அந்தத் தூள்தான் நீர் நனைந்ததும் அடியில் போய்ச் சிமென்ட்போல அடைத்துக்கொள்கிறது. எம்-சாண்ட் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அதையும் சலித்து, கழுவித்தான் சேர்க்க வேண்டும்.

பேசனில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஆறேழு ஓட்டை போடுங்கள். 4, 5 இன்ச் ஆழம், ஓரடி அகலம் சரியாக இருக்கும். ஓட்டைகளின் மேல் கொசுவலைத் துண்டு. இரண்டு ஓட்டைகள் வழியாக ஒரு கம்பியை நுழைத்து மேலே நீட்டி வையுங்கள், செடியைக் கட்ட அது தேவைப்படும்.

இனி செடி. வெயில் இறங்கிய பிறகு நிழலில் செய்யுங்கள், பக்கத்தில் ஈரச் சாக்கு இருக்கட்டும். கவரைக் கத்தியால் கிழித்து எடுங்கள், செடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. தமிழ்நாட்டு நர்சரிகளுக்கு ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்து லாரி லாரியாகச் செடிகள் வருகின்றன. அப்படி வரும் பலவற்றில் வேரைச் சுற்றிக் கெட்டியான களிமண் உருண்டை இருக்கும். வெளியே எவ்வளவு நல்ல கலவை போட்டாலும் அந்த உருண்டைக்குள் நீர் இறங்காது, இறங்கினால் வடியாது. அதை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் வெளியிலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். காகிதப்பூவின் மெல்லிய வேர் எளிதில் முறியும், அவசரப்பட்டால் வேண்டியதெல்லாம் கையோடு வந்துவிடும். களிமண்ணை ஒரே தடவையில் முழுக்க எடுக்க வேண்டியதில்லை. பாதி போனாலும் போதும், மீதி அடுத்த மாற்றத்தில்.

வெட்டுவது எதை? நேராகக் கீழ்நோக்கிப் போகும் தடித்த வேர்களை. பக்கவாட்டில் பரவும் வேர்களையும், முடிபோன்ற மெல்லிய வேர்க் கூட்டத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். தடித்த வேரின் வெட்டுவாயில் அதே பூஞ்சைக் கொல்லிப் பசை.

பேசனில் கலவையை மேடாகக் குவித்து, நூல் கட்டிய முன்பக்கம் சரியாக வரும்படி செடியை உட்காரவைத்து, நீட்டி வைத்த கம்பியால் வேர்க்கட்டை ஆடாமல் கட்டுங்கள். இந்தக் கட்டு இல்லாவிட்டால் காற்றில் செடி அசையும் ஒவ்வொரு தடவையும் புது வேர் அறுபடும். பிறகு கலவையைப் போட்டு, குச்சியால் குத்திக் குத்தி இடைவெளிகளை நிரப்புங்கள். அடியில் தெளிந்த நீர் வரும்வரை பூவாளியால் ஊற்றுங்கள்.

பத்துப் பதினைந்து நாள் காற்றடிக்காத, காலை வெயில் மட்டும் படும் இடம். ஒரு மாதத்துக்கு உரம் கூடாது. இலை கொஞ்சம் தொங்கினால் இலைமேல் நீர் தெளியுங்கள், மண்ணில் மேலும் மேலும் ஊற்றாதீர்கள்.

7. கம்பி கட்டுதல்

வேர் வேலைக்குப் பிறகு வளர்ச்சி வேகம் பிடித்ததும், அதாவது ஆனி வாக்கில், கம்பிக்குப் போகலாம். பழைய தடித்த கிளையை வளைக்க முயலாதீர்கள். காகிதப்பூவின் முற்றிய கிளை எச்சரிக்கை தராமல் படக்கென்று முறியும். தீக்குச்சிப் பருமனிலிருந்து பென்சில் பருமனுக்குள் இருக்கும், பாதி முற்றிய தண்டுகள்தான் பருவம்.

நகவெட்டியின் வேலை இங்கே வருகிறது: கம்பி சுற்றப்போகும் பகுதியில் உள்ள முட்களை ஒவ்வொன்றாக வெட்டிவிடுங்கள். கத்தரி அவ்வளவு நெருக்கத்தில் பட்டையையும் சேர்த்து எடுத்துவிடும்.

கம்பியின் பருமன் கிளையில் மூன்றில் ஒரு பங்கு. அலுமினியம் வாங்குங்கள். கட்டடவேலைக் கட்டுக்கம்பி மலிவு என்று எடுக்காதீர்கள், முரடாக இருந்து பட்டையைக் கிழிக்கும், துருவும் பிடிக்கும். அடிமரத்தில் ஒரு சுற்றுப் பிடிப்புக் கொடுத்து, கிளையின் மேல் 45 டிகிரிச் சாய்வில் சீராகச் சுற்றிக்கொண்டு போங்கள். முழுக்கச் சுற்றி முடித்த பிறகுதான் வளைக்க வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி இருக்கும்படி பார்த்தால் முறியாது. இளம் மரத்தின் கிளை மேல்நோக்கிப் போகும், முதிர்ந்த மரத்தின் கிளை பக்கவாட்டில் நீண்டு இலேசாகத் தாழும். நம் தெருவோரத்துப் புளியையும் வேம்பையும் நின்று பாருங்கள். ஜப்பான் படங்களைவிட அவை நல்ல மாதிரி.

கம்பி பிடிக்கவில்லை என்றால் சணல் கயிற்றால் கிளையைக் கீழே இழுத்துப் பேசன் விளிம்பில் கட்டினாலும் பாதி வேலை நடக்கும்.

நம் வெயிலில் கிளை வேகமாகப் பருக்கும், குளிர்நாட்டுக் குறிப்பில் ஆறு மாதம் என்றால் இங்கே நான்கு முதல் எட்டு வாரத்தில் கம்பி பட்டையில் பதியத் தொடங்கிவிடும். வாரம் ஒருமுறை பாருங்கள். பதிகிற அறிகுறி தெரிந்ததும் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். காசை மிச்சம் பிடிக்கச் சுற்றைப் பிரித்தால் கிளை முறியும். வளைவு நிற்கவில்லையென்றால் இடம் மாற்றி மறுபடி கட்டலாம்.

8. தண்ணீர், வெயில், உரம்

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நேர்வெயில் கட்டாயம். வரவேற்பறை மேசையில் வைக்கும் ஆசை இருந்தால் விருந்தாளி வரும் அன்று ஒருநாள் வையுங்கள், மறுநாள் மாடிக்குப் போய்விட வேண்டும்.

கோடையில் சூடான சிமென்ட் தளத்தில் பேசனை நேரடியாக வைத்தால் வேர் வெந்துவிடும். நான்கு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். அக்னி நட்சத்திர நாள்களில் நண்பகலுக்கு மட்டும் ஐம்பது சதவீத நிழல்வலை. காலை, மாலை இரண்டு வேளை நீர் தேவைப்படலாம். மழைக்காலத்தில் பேசனின் ஒரு பக்கத்தை ஒரு ஓட்டுத்துண்டால் தூக்கிச் சாய்த்துவிட்டால் தேங்காமல் வடியும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மண்மேலும் அடிமரத்திலும் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்ப்பீர்கள். அவ்வப்போது மழைநீரைப் பிடித்து, வழிய வழிய ஊற்றிக் கழுவிவிடுங்கள். அடிமரத்தில் படிந்ததைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம்.

உரத்துக்குக் கடலைப் பிண்ணாக்கு போதும். ஒரு கைப்பிடியை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தெளிநீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை. நாற்றம் மோசமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருக்கும்போது வேண்டாம். அடுக்ககத்தில் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) கரையும் உரம் லிட்டருக்கு ஒரு கிராம் என்று ஊற்றிவிடுங்கள், சண்டை வராது.

9. பூ வரவழைத்தல்

முதல் வருடம் பூவை எதிர்பார்க்காதீர்கள், வந்தால் கிள்ளிவிடுங்கள். கிளை பருக்க வேண்டிய நேரம் அது.

நாம் பூ என்று பார்க்கும் நிறமெல்லாம் பூவடிச் செதில்கள், அதாவது பூவைச் சுற்றி வரும் நிற இலைகள். உள்ளே இருக்கும் சிறு வெள்ளைக் குழாய்தான் உண்மையான பூ. இரண்டும் புதுத் தண்டின் நுனியில்தான் வரும். அதனால் வடிவம் கெடக் கூடாது என்று வாரம்தோறும் நுனி கிள்ளிக்கொண்டே இருந்தால் காலத்துக்கும் பூக்காது. இரண்டாம் வருடம் மழை ஓய்ந்த மார்கழியில் கடைசியாக ஒரு கவாத்து (கிளை வெட்டு), பிறகு கத்தரியை உள்ளே வைத்துவிடுங்கள். புதுத் தண்டு வளர்ந்ததும் நீரைக் குறைத்து, இலை இலேசாகத் துவளும்போது மட்டும் ஊற்றுங்கள். இப்படிக் காயவிட்டால்தான் காகிதப்பூ பூக்கும். பூ முடிந்ததும் மறுபடி கவாத்து, உரம்.

10. போன்சாய்த் தொட்டிக்கு மாற்றுதல்

கிளைகள் இரண்டு தடவை பிரிந்து, உச்சிக் கிளையின் அடி அடிமரத்தோடு இணைந்துவருவதுபோல் பருத்த பிறகு மாற்றலாம். அதற்கு இரண்டு வருடமாவது ஆகும். தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடிமரத்தின் குறுக்களவு அளவுக்கு என்பது பொதுக் கணக்கு. நம் வெயிலுக்கு ஆழத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

பீங்கான் பூச்சுத் தொட்டி 500-லிருந்து 1,500 வரை போகும். உறைபனி இல்லாத ஊர் என்பதால் சுட்ட மண்தொட்டியே தாராளமாகப் போதும். மண்பானை செய்கிறவரிடம் அளவு எழுதிக் கொடுத்தால் செய்து தருவார். "அண்ணே, அடியில ரெண்டு பெரிய ஓட்டை, கம்பி நுழைய நாலு சின்ன ஓட்டை, நாலு கால்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுட்ட பிறகு துளைபோட்டால் விரிசல் விடும். பொங்கலுக்கு முந்தைய மாதம் போய்க் கேட்காதீர்கள், பானை வேலையில் நிமிர நேரம் இருக்காது.

மாற்றும் முறை ஆறாவது படியில் சொன்னதேதான், அதே பங்குனிக் கணக்கு. மிச்சமிருந்த களிமண்ணை இப்போது எடுத்துவிடலாம். அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேர் கழித்து, கலவையைப் புதுப்பிக்க வேண்டும். நீர் ஊற்றினால் உடனே இறங்காமல் மேலே நிற்கத் தொடங்கினால் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஊருக்குப் போகிற நாள்களுக்கு ஏற்பாடு வேண்டும். கோடையில் ஒரு நாள் நீர் தவறினாலே ஆழமில்லாத தொட்டியில் நுனிகள் கருகும். இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் பெரிய பேசன் நிறைய ஈரமணல் போட்டு, அதில் தொட்டியைப் பாதி புதைத்து, நிழலில் வைத்துவிட்டுப் போகலாம். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் ஒப்படையுங்கள். "தினமும் தண்ணி ஊத்துங்க அக்கா" என்று மட்டும் சொன்னால் ஒரு சொட்டு ஊற்றுகிறவரும் உண்டு, ஒரு குடம் ஊற்றுகிறவரும் உண்டு. அளவுக்கு ஒரு குவளையை அங்கேயே வைத்துவிட்டு, "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, மழை பெஞ்சா வேண்டாம்" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.